யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை

கார் நசுங்கிய கதையை முதல் வாரத்தில் 20 பேரிடமாவது சொல்லியிருப்பேன். எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தில்தான் முடித்தேன்: “நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.” சொல்லும்போது குரலில் ஒரு பெருந்தன்மை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆசையாக வைத்திருந்த காரைப் பறிகொடுத்தும் மனிதர் எவ்வளவு பக்குவமாகப் பேசுகிறார் என்று கேட்பவர் நினைக்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. இடித்தவரைப் பற்றிச் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் “அவன்” என்றேன். இங்கே “அவர்” என்று எழுதுகிறேன். அவனிலிருந்து அவருக்கு வந்து சேர எனக்கு 11 நாள் பிடித்தது.

கார், 1991-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5. முதல் தலைமுறை, நீல நிறம், இரண்டே இருக்கை, கையால் மடக்கும் துணிக்கூரை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான அந்த மாடலைப் பற்றிக் கார் பிரியர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஓர் அடையாளம் போதும்: ஹெட்லைட்டுகள் முகப்புக்குள் படுத்துக்கிடக்கும், பொத்தானை அழுத்தினால் தவளைக் கண்கள்போல் மேலே எழும். 1997-உடன் அந்த வகை முடிந்தது. அடுத்த தலைமுறைக்குச் சாதாரண விளக்குகள்தான். 1.6 லிட்டர் எஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர்தான் பெரிது. நேர்ச்சாலையில் இன்றைய குடும்பக் கார்கள் பலவும் அதை முந்திவிடும். வளைவு வந்தால்தான் அதன் குணம் தெரியும். முன்சக்கரங்களுக்குப் பாதி, பின்சக்கரங்களுக்குப் பாதி என்று எடை பிரிய வேண்டும் என்பதற்காகப் பேட்டரியைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்தார்கள். பானெட்டை இரும்பில் அடிக்காமல் அலுமினியத்தில் செய்தார்கள். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் என்று பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரை இந்தக் காருக்கு மாஸ்டா தாரக மந்திரமாக வைத்துக்கொண்டது. விளம்பரப் பேச்சு என்று ஒதுக்கிவிடலாம்தான். 9 வருடம் ஓட்டியவனுக்கு அது சுலபமில்லை.

அந்த அலுமினிய பானெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்துவிடும் அளவுக்கு மெல்லியது. அதனால் மூடும்போது யாரும் அதை அழுத்தி மூடுவதில்லை; ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுவந்து கையை விட்டுவிடுவார்கள், தன் எடையிலேயே விழுந்து பூட்டிக்கொள்ளும். எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து அதன்மேல் சாய்ந்து நின்று பேசத் தொடங்குவார்கள். எனக்கு முதுகுத்தண்டு விறைக்கும். “சாயாதீர்கள்” என்ற சொல், தும்மல்போல, நான் நினைப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிடும். விருந்தாளி, உறவினர், வயதானவர் என்ற வேறுபாடெல்லாம் அதற்குக் கிடையாது. வீட்டில் இதை வைத்து என்னைக் கேலி செய்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அழைப்புமணி

விடிந்தும் விடியாத நேரத்தில் அழைப்புமணி அடித்தது. வாசலில் 25 வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் நின்றிருந்தார். சரக்கு வேன் ஓட்டுபவர்கள் போடும் சீருடைச் சட்டை. “சார், வெளியில் இருக்கிற நீலக் கார் உங்களுடையதா?” என்றார். இப்படி ஒரு கேள்வியை அந்த நேரத்தில் யாரும் நல்ல செய்தி சொல்வதற்காகக் கேட்பதில்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

இரவு நான் நிறுத்திய இடத்தில் கார் இல்லை. தன் நீளத்துக்கு முன்னால் தள்ளப்பட்டு, விளக்குக் கம்பத்தில் முகத்தை இடித்துக்கொண்டு கிடந்தது. கியரில் போட்டு, கைப்பிரேக்கும் இழுத்துத்தான் நிறுத்தியிருந்தேன். அதனால் சுழல முடியாத பின்சக்கரங்கள் அப்படியே இழுபட்டிருந்தன. சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள், கடைசியில் பக்கவாட்டில் வளைந்து, நடைபாதையின் விளிம்புக் கல்லில் முடிந்தன. பின்சக்கரத்தை மூடியிருக்கும் பக்கத் தகடு கசக்கி எறிந்த காகிதம்போல் சுருங்கி உள்ளே போயிருந்தது. சக்கரம் கால் ஒடிந்த ஆட்டின் குளம்புபோல் மடிந்து நின்றது. டிக்கியின் மூடி வாயைப் பிளந்திருந்தது. துணிக்கூரையின் பின்னால் தைத்திருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் பனி படிந்து இருந்தது. வருடாவருடம் மஞ்சளாகிறதே, எப்போது கிழியுமோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைப் பற்றித்தான். கொஞ்சம் தள்ளி அந்த வேன் குறுக்காக நின்றது. அதன் முகப்பும் சப்பிப்போய், அடியிலிருந்து பச்சை நிறத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிமிர்ந்தபோது அந்த இளைஞர் பானெட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்துச் சாய்ந்து நின்றார். “சாயாதீர்கள்” என்றேன்.

பின்பாதி முழுவதும் போய்விட்ட காரின் முன்பாதியில் பள்ளம் விழுந்துவிடக் கூடாதாம். அவர் சட்டென்று விலகினார். “மன்னித்துவிடுங்கள் சார்” என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிற்பும் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய நாசத்தைச் செய்துவிட்டுக் கைகட்டி வேடிக்கை பார்க்கிறானே என்று தோன்றியது. எப்படி நடந்தது என்று கேட்டேன். “கண் மூடியதே தெரியவில்லை சார்” என்றார். ஒரு சாக்கு இல்லை, நாய் குறுக்கே வந்தது என்ற கதை இல்லை. தெருவில் யாரும் எழுந்திருக்கவில்லை. கேமரா எதுவும் கிடையாது. யாருடைய கார் என்று தெரியாமல், எனக்கு முன் இரண்டு வீடுகளின் மணியை அடித்துக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். திட்டுவதற்காக நான் திரட்டி வைத்திருந்த சொற்களை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. ஓடிப்போயிருந்தால் வசதியாக இருந்திருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், ஆசைதீரத் திட்டியிருக்கலாம்.

திட்ட முடியாததால் படம் எடுத்தேன். கைப்பேசியில் 43 படங்கள். காப்பீட்டுக்கு வேண்டும் என்பது காரணம். உண்மையில் ஏதாவது ஒன்றைக் கையால் செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஓட்டும்போது விபத்து நடந்தால் நமக்கென்று ஒரு பங்கு இருக்கும். பிரேக்கை இன்னும் சீக்கிரம் மிதித்திருக்கலாம், அந்தப் பாதையில் போகாமல் இருந்திருக்கலாம் என்று வாழ்நாள் முழுவதும் மென்றுகொண்டிருக்கலாம். நிறுத்தி வைத்த கார் அடிபட்டால் அந்தப் பங்கும் இல்லை. நான் போர்வைக்குள் இருந்தேன். சத்தம்கூடக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். சாவு வீட்டுக்குத் தாமதமாகப் போனவன்போல, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றதுதான் மிச்சம். இதை யாரிடமும் விளக்க முடியவில்லை. “நல்லவேளை, நீங்கள் உள்ளே இல்லை” என்றார்கள். “வண்டிதானே, போனால் போகிறது” என்றார்கள். இந்த இரண்டாவது ஆறுதலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. வண்டிதானே என்பவர்கள் தங்கள் கைப்பேசியின் திரையில் கீறல் விழுந்த அன்று எப்படி இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

காந்தம்

ஐந்தாம் நாள் காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துத் தகடுதோறும் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பானெட்டில் வைத்தபோது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. “அது அலுமினியம்” என்றேன். எடைப் பங்கீட்டைப் பற்றியும் பேட்டரி டிக்கிக்குப் போன கதையையும் அவர் கேட்காமலேயே சொன்னேன். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசும் தகப்பன்போல் இருந்திருப்பேன். அவர் தலையாட்டிக்கொண்டே பின்னால் போனார். அடிபடாத பக்கத்தின் பின்தகட்டில், சக்கர வளைவுக்குக் கொஞ்சம் மேலே காந்தத்தை வைத்தார். அங்கேயும் ஒட்டாமல் விழுந்தது. அங்கே அலுமினியம் இல்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். இரும்பின் சத்தம் வரவில்லை, மண்சுவரைத் தட்டினாற்போல் ஒரு மந்தமான ஒலி. “பட்டி பூசியிருக்கிறார்கள். பழைய அடி” என்றார். எனக்கு விற்றவர், எங்கேயும் அடிபடாத வண்டி என்று சொல்லித்தான் விற்றார். 9 வருடமாக மாதம் இரண்டு முறை அந்த இடத்தை மெழுகு போட்டுத் துடைத்தவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று கைக்குத் தெரியவே இல்லை.

இந்தப் பின்தகடு சாதாரணத் தகடு இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். கதவு, பானெட், முன்சக்கரத் தகடு எல்லாம் போல்ட்டில் மாட்டியவை. கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். பின்தகடு உடற்கூட்டோடு சேர்த்து வெல்டிங் செய்தது. அதை மாற்ற வேண்டுமானால் அறுத்தெடுத்து, புதியதைப் பற்றவைத்து, சுற்றியுள்ள பகுதிகளுக்கும் சேர்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். 30 வருட வெயிலில் மங்கிய நீலத்துக்குப் பக்கத்தில் புதிய நீலத்தை அடித்தால், ஒட்டுப்போட்ட சட்டைதான். அதற்கும் முன்னால், கோணிப்போன அடிக்கூட்டை இழுத்து நிமிர்த்தும் வேலை இருக்கிறது. அது சரியாக அமையாவிட்டால் கார் வாழ்நாள் முழுவதும் நண்டுபோல் பக்கவாட்டில் நடக்கும். இத்தனைக்கும் ஆகும் செலவு காரின் சந்தை மதிப்பை நெருங்கினாலோ தாண்டினாலோ காப்பீட்டில் அதற்கு ‘முழு இழப்பு’ என்று பெயர். பழைய கார்களுக்கு, மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் பாலிசி உண்டு. அது வேண்டும் என்று நான் பிறருக்கெல்லாம் அறிவுரை சொல்லியிருக்கிறேன். எனக்கு எடுக்கவில்லை.

பதினோராம் நாள் தாள்கள் வந்தன. முழு இழப்பு என்ற முடிவு, தொகை, கையெழுத்துப் போட வேண்டிய இடங்கள். நசுங்கிய காரை நானே வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கான தொகையைக் கழித்துக்கொள்வார்கள். கடைசியில், எதிர்த்தரப்பு வாக்குமூலத்தின் நகல் ஒன்று. அலட்சியமாகத்தான் புரட்டினேன். காயம் என்ற கட்டத்தில், ‘வேன் ஓட்டுநருக்குக் காறை எலும்பு முறிவு’ என்று எழுதியிருந்தது.

பதினேழாவது படம்

வேறு ஏதோ விபத்தின் தாளை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏனென்றால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானே 20 பேரிடம் சொல்லியிருக்கிறேன். கைப்பேசியை எடுத்து அந்த 43 படங்களையும் மீண்டும் பார்த்தேன். அதற்கு முன் குறைந்தது 100 முறை பார்த்த படங்கள். பதினேழாவது படம், கம்பத்தில் சிக்கிய முகப்பு மூலைக்காக எடுத்தது. காப்பீட்டுக்கு அனுப்பும்போது ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருந்தேன். அதன் முழு வடிவத்தில், இடது ஓரத்தில் அவர் நிற்கிறார். இரண்டு விரல்களால் படத்தை விரித்துப் பெரிதாக்கினேன்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஒரு கையால் மறு கையின் முழங்கையை அடியிலிருந்து தாங்கிப் பிடித்திருக்கிறார். அந்தப் பக்கத்துத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தலை அதே பக்கம் சாய்ந்திருக்கிறது. காறை எலும்பு முறிந்தவர்கள் இப்படித்தான் நிற்பார்களாம். கையின் எடை தொங்கினால் முறிவில் இழுக்கும், அதனால் உடல் தானே இப்படி ஒரு தொட்டிலைச் செய்துகொள்ளும் என்று பிறகு படித்தேன். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருக்கிறார். பானெட்டில் அவர் ஏன் சாய்ந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவரால் நிற்க முடியவில்லை.

தூக்கம் வராத அந்த இரவில் கண்டதையும் படித்துக்கொண்டிருந்தேன். மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு நசுங்குவதற்கென்றே காரின் முன்பகுதியையும் பின்பகுதியையும் வடிவமைக்கலாம் என்று மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பரேனி 1951-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த எண்ணம் முழு உருவில் சாலைக்கு வந்தது 1959-இல். அதே 1959-இல்தான் வோல்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்றுமுனை சீட் பெல்ட்டும் வந்தது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வோல்வோ அதைத் திறந்துவிட்டது. ஒன்று, உள்ளே இருப்பவருக்காகக் காரை நொறுங்கச் சொல்கிறது. இன்னொன்று, உயிரைப் பிடித்து நிறுத்துவதற்காகத் தோளுக்குக் குறுக்கே அழுத்துகிறது. மோதல் பலமாக இருந்தால் அந்த அழுத்தத்தில் காறை எலும்பு முறிவதும் உண்டு. அவர் பெல்ட் போட்டிருந்தார், அதனால் வந்து என் வீட்டு மணியை அடிக்க முடிந்தது. எம்எக்ஸ்-5 நசுங்கியதைத்தான் 11 நாளும் நான் துக்கம் கொண்டாடினேன். அது உள்ளே போன ஒவ்வோர் அங்குலமும் அவர் உடம்புக்குப் போகாமல் நின்ற அடி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் தாளில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். என் பெயரைச் சொன்னதும் அவர் பதறிப்போய், “சார், காப்பீட்டில் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன், கம்பெனியிலும் பேசிவிட்டேன்” என்றார்.

“அதற்காகக் கூப்பிடவில்லை தம்பி. கை எப்படி இருக்கிறது?”

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. “பரவாயில்லை சார். ஆறு வாரம் தொட்டிலில் போட்டு வைத்திருக்க வேண்டுமாம்.”

மருத்துவமனைக்கு எப்போது போனார் என்று கேட்டேன். மத்தியானம்தான் போனாராம். வேனை இழுத்துக்கொண்டு போக ஆள் வரும்வரை அங்கேயே நிற்கச் சொன்னார்களாம். முந்தைய நாள் காலையில் எழுந்தவர், இரவெல்லாம் ஓட்டியிருக்கிறார். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1990-களிலேயே ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இவர் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி கண் மூடினால் வண்டி 14 மீட்டர் போய்விடும். அவர் தவறு செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நடைபாதையில் யாராவது போயிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். அவர் அதை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். பேச்சில் இரண்டு முறை அதையே சொன்னார்.

“அடிபட்டது என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“நீங்கள் காரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் சார்.”

குறை சொல்லும் தொனி அதில் துளியும் இல்லை. ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதனால் கூப்பிடவில்லை என்பதுபோல் சொன்னார். குறையாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஒற்றைக் கண்

காரை நானே வைத்துக்கொண்டேன். புத்திசாலித்தனமான முடிவு என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். டிங்கரிங் வேலை தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஒரு வருடம் ஆகும் என்றார். அவர்களுடைய கணக்கில் அது இரண்டு வருடம். பின்தகட்டை அறுக்கும்போது மறுபக்கத்துப் பட்டியையும் சுரண்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த முறை பார்த்துவிட வேண்டும். நண்பர்கள் 20 பேரில் ஏழெட்டுப் பேரிடம் திரும்பவும் பேசி, நான் சொன்னது தவறு, ஒருவருக்கு எலும்பு முறிந்திருக்கிறது என்றேன். பெரும்பாலோர் அதற்கென்ன இப்போது என்ற மாதிரி கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், “உங்கள் காருக்குக் கிடைக்க வேண்டிய தொகையில் அதனால் ஏதும் குறையாதே?” என்று விசாரித்தார்.

போன வாரம் அந்த இளைஞர் வீட்டுக்கு வந்தார். கழுத்திலிருந்து நீலப் பட்டையில் கை தொங்கிக்கொண்டிருந்தது. காரை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டிருந்தார். மூடியிருந்த துணியை விலக்கினேன். அவர் காருக்கு மூன்றடி தள்ளியே நின்றார். நான் சுற்றி வந்தபோதும் அந்த மூன்றடி குறையாமல் சுற்றி வந்தார். “உள்ளே உட்காருங்கள்” என்றேன். வேண்டாம் என்றார். வற்புறுத்தினேன். அந்தக் காரின் இருக்கை ஏறக்குறையத் தரையில் இருக்கும். ஒரு கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, இன்னொரு பக்கம் நான் இடுப்பைத் தாங்க, மெல்ல இறங்கி உட்கார்ந்தார். கழற்றி வைத்திருந்த பேட்டரி ஒயரை மாட்டிவிட்டு வந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நடுவிலிருக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னேன்.

கம்பத்தில் அடிபட்ட பக்கத்து ஹெட்லைட் உள்ளே சிக்கிக்கொண்டு அசையவில்லை. மோட்டார் மட்டும் முனகியது. மற்றது ஒன்றும் நடக்காததுபோல் ஜம்மென்று எழுந்து நின்றது. எதிர்ச்சுவரில் அதன் நிழலும் ஒற்றைக் கண்ணோடு தெரிந்தது. அவர் மீண்டும் அழுத்தினார், கண் மூடியது. அழுத்தினார், திறந்தது. எங்கள் இருவரையும் பார்த்துக் கண்ணடிப்பதுபோல இருந்தது. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த கணமே “அம்மா” என்று தோளைப் பிடித்துக்கொண்டார்.

“போதும், அழுத்தாதீர்கள்” என்றேன்.

“இன்னும் ஒரே ஒரு முறை சார்” என்றார்.